சுவர் விரிசலுக்கு ஆள் பிடிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பழைய செங்கல் வீடு. சன்னல் மூலையில் தொடங்கி, செங்கல் இடுக்குகளைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகக் கீழே இறங்குகிறது ஒரு விரிசல். அதே சுவரின் அடிப்பகுதியில் உப்பு பூத்துப் பூச்சு உதிர்கிறது. ஒரு ஒப்பந்ததாரர் வந்து பார்த்துவிட்டு, "அஸ்திவாரம் இறங்கிவிட்டது, சுற்றிலும் பைல் (வீட்டைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) போட வேண்டும்" என்கிறார். இன்னொருவர், "கலவை வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்தால் போதும்" என்கிறார். யார் சொல்வது சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது, வேலை முடிந்தபின் சுவரை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேரையுமே இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். என்ன செய்யப் போகிறோம் என்று இருவரும் சொல்லியிருக்கிறார்கள். விரிசல் ஏன் வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. அது தெரியாமல் செய்கிற வேலை பெரிதானாலும் சிறிதானாலும் வீண்செலவுதான். சில சமயம் வீண்செலவோடு நிற்காமல் கெடுதலும் செய்துவிடும். பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தில் அப்படித்தான் நடந்தது. 1934இல் அதை நிமிர்த்துவதற்காக அடித்தளத்தில் துளைகள் போட்டு சிமெண்ட் பாலைச் செலுத்தினார்கள். சாய்வு குறையவில்லை, கூடியது. 1990இல் கோபுரத்தையே மூட வேண்டியதாயிற்று. பிறகு மண்ணை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1999 முதல் 2001 வரை சாயாத வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். ஏறத்தாழ அரை டிகிரி நிமிர்ந்தது. கோபுரத்துக்குள் எதையும் திணிக்காமல், அடி மண்ணைப் புரிந்துகொண்டு செய்த வேலை அது.

வீடுகளில் அந்த அளவுக்குச் சிக்கல் இருக்காது. பழுதுபார்ப்பு வேலையில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: அஸ்திவாரப் பிரச்சினை என்று கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் உண்மையான பிரச்சினை தண்ணீர். எங்கோ ஓரிடத்தில் தண்ணீர் மண்ணை ஊறவைக்கிறது, அல்லது அரித்துக்கொண்டு போகிறது, அல்லது மண் ஈரம் வற்றிச் சுருங்குகிறது. அதனால் உங்கள் வீட்டுக்கு வருபவர் சுவரைப் பார்ப்பதற்கு முன்பு கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது, பக்கத்தில் மரம் இருந்ததா என்று கேட்டால் அவரோடு மேற்கொண்டு பேசலாம்.

முதலில் விரிசலை நீங்களே படிக்கப் பழகுங்கள். இதற்குப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை. படிக்கட்டு போல இறங்கும் விரிசல் பெரும்பாலும் சுவரின் ஒரு பகுதி மற்றொரு பகுதியைவிட அதிகமாக அசைந்ததைக் காட்டும். மேலே அகலமாகவும் கீழே போகப்போக ஒடுங்கியும் இருந்தால் வீட்டின் மூலை இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். கீழே அகலமாக இருந்து மேலே ஒடுங்கினால் சுவரின் நடுப்பகுதி தொய்கிறது. பழைய வீட்டோடு பிற்பாடு சேர்த்துக் கட்டிய அறை சந்திக்கும் இடத்தில் நேர்க்குத்தாக ஒரு கோடு விழுந்தால், இரண்டுக்கும் தனித்தனி அஸ்திவாரம் என்பதும் புதியது இன்னும் இறங்கி முடியவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

விரிசல்களில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. பார்க்கப் பயமாக இருக்கும், அஸ்திவாரத்துக்கும் அதற்கும் ஒட்டோ உறவோ கிடையாது. கான்கிரீட் தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் கிடையாக ஓடும் விரிசல் வெயிலால் வருவது. 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 3 மி.மீ. நீளும், செங்கல் அந்த அளவு நீளாது, இரண்டும் சந்திக்கிற இடம் பிளக்கும். தூண், பீம் வைத்துக் கட்டிய வீட்டில், பீமும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் வரும் விரிசலும் இந்த வகைதான். லிண்டலுக்கு, அதாவது கதவு சன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் சட்டத்துக்கு, நேராகக் கிடையாக வெடித்துப் பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அந்த அழுத்தம் கான்கிரீட்டை வெடிக்கவைக்கும். வலை போல எல்லாப் பக்கமும் ஓடும் மெல்லிய கீறல்கள் பூச்சின் மேல்தோலோடு நிற்பவை. கட்டைவிரல் கணுவால் தட்டிப் பாருங்கள். பொள்ளலான சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது, அவ்வளவுதான். இவற்றில் எதற்காவது பைல் போடச் சொல்கிறவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

அகலத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த அட்டவணையைப் பல நாடுகளிலும் பொறியாளர்கள் கையாளுகிறார்கள். 1 மி.மீ. வரை பெயிண்ட் வேலையிலேயே மறைந்துவிடும். 5 மி.மீ. வரை அடைத்துச் சரிசெய்யலாம். 5 முதல் 15 வரை என்றால் கதவு சன்னல் இறுகத் தொடங்கும். சில இடங்களில் செங்கல்லை எடுத்து மாற்ற வேண்டும். 15 முதல் 25 வரை என்றால் சுவரின் சில பகுதிகளை இடித்துக் கட்டும் வேலை. 25ஐத் தாண்டினால் நிலைகுலையும் ஆபத்து. அகலம் மட்டுமே தீர்ப்பு ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். முப்பது வருடமாக அசையாமல் நிற்கும் 6 மி.மீ. விரிசலைவிட, போன மாதம் முளைத்து இந்த மாதம் இரட்டித்த 2 மி.மீ. விரிசல்தான் கவலைக்குரியது.

ஆகவே அசைகிறதா, நின்றுவிட்டதா என்று கண்டுபிடிப்பதே உங்கள் முதல் வேலை. விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு சிறிய ஆணியை அடித்து, இடைவெளியை வெர்னியர் காலிப்பரால் அளந்து, தேதியையும் அன்றைக்கு மழையா வெயிலா என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று இடங்களில் இப்படிச் செய்யுங்கள்: விரிசலின் தலைப்பு, நடு, அடி. குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் ஒட்டிவைத்து, அது உடைகிறதா என்று பார்ப்பது பழைய முறை. அசைவு உண்டு என்று அது சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. ஒரு மழைக்காலமும் ஒரு வறண்ட காலமும் கடந்தால் படம் தெளிந்துவிடும். வறட்சியில் திறந்து மழையில் மூடிக்கொள்கிற விரிசல், ஈரத்துக்கு உப்பிக் காய்ந்தால் சுருங்குகிற களிமண்ணின் வேலை. மழையோ வெயிலோ ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனால் மண் அமுங்குகிறது, அல்லது அடியில் அரித்துப் போகிறது. ஒன்றுமே மாறவில்லையா? வீடு எப்போதோ இறங்கி முடித்துவிட்டது. இரண்டாவதாக வந்தவர் சொன்னபடி அடைத்துவிடலாம்.

எந்தப் பக்கம் இறங்கியது என்று அறிய டியூப் லெவல் போதும். நீளமான தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாதபடி தட்டித் தட்டி வெளியேற்றுங்கள். ஒருவர் ஒரு மூலையில் பிடித்துக்கொள்ள, மற்றவர் அடுத்தடுத்த மூலைகளுக்கு நகர்ந்து நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறிக்க வேண்டும். பிறகு ஒரே செங்கல் வரியிலிருந்து அந்தக் குறி எவ்வளவு உயரம் என்று ஒவ்வோர் இடத்திலும் அளந்து பாருங்கள். கட்டும்போது எல்லா வரியும் மட்டமாகத்தான் வைத்திருப்பார்கள். குறி உயர்ந்து தெரிகிற இடம் வரி இறங்கிய இடம். கட்டும்போதே சில மில்லிமீட்டர் கோணல் இருந்திருக்கலாம், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஒரு மூலையை நோக்கிப் படிப்படியாக இறக்கம் கூடிக்கொண்டு போகிறதா என்பதையே பாருங்கள். இந்த அளவுகளை வைத்துக்கொண்டு பேசும்போது ஒப்பந்ததாரரின் பேச்சுத் தொனியே மாறும்.

அளக்கிற அந்தக் காலத்திலேயே தண்ணீரையும் சரிசெய்யுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. பல வீடுகளில் விரிசல் இதோடு நின்றுவிடுகிறது. கூரையிலிருந்து இறங்கும் குழாய் சுவரடியிலேயே கொட்டினால் நீட்டித் தள்ளிக் கொட்டவையுங்கள். வீட்டைச் சுற்றி நிலம் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். முதல் 10 அடிக்கு 6 அங்குலம் சரிவு என்பது நல்ல கணக்கு. சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, காலையில் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. கழிவுநீர்க் குழாய்க்கு மீட்டர் இல்லை. அதைச் சோதனைத் தொட்டியில் அடைத்து நீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். மண்ணுக்கடியில் உடைந்த சாக்கடைக் குழாய் ஒரு மூலையை இறக்கிவிடும்.

மரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. களிமண் நிலத்தில் வீட்டருகே பெரிய மரம் நின்றால் அது ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருக்கும் என்பது உண்மை. அதற்காக ஒரே நாளில் வெட்டித் தள்ளினால், வற்றியிருந்த மண் பல ஆண்டுகளுக்கு மெல்ல உப்பி வீட்டை மேலே தூக்கும். இறக்கத்தைவிட அது மோசம். வெட்டுவதா, கிளை குறைப்பதா என்பதைப் பொறியாளரைக் கேட்டே முடிவுசெய்யுங்கள்.

யாரைப் பொறியாளராகப் பிடிப்பது? பழுதுபார்க்கும் வேலையை விற்காதவரை. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். "இலவச ஆய்வு" என்று வருகிறவர் பெரும்பாலும் விற்பனையாளர். அவர் நிறுவனம் எதைச் செய்கிறதோ அதுவே உங்கள் வீட்டுக்குத் தேவை என்று எழுதிக்கொடுப்பார். கட்டணம் வாங்கிக்கொண்டு கருத்து மட்டும் சொல்லும் கட்டமைப்புப் பொறியாளருக்குக் கொடுக்கும் பணம், தேவையில்லாத ஒரு பைலின் செலவுக்குக்கூட வராது. அவர் தரும் அறிக்கையில் காரணம் என்ன, அதற்கு என்ன ஆதாரம், எந்தெந்த வழிகள் உண்டு என்று இருக்க வேண்டும். "இப்போது ஒன்றும் செய்யாமல் ஆறு மாதம் கவனிக்கலாம்" என்பதும் அந்த வழிகளில் ஒன்றாக வந்திருந்தால் அது நேர்மையான அறிக்கை. அஸ்திவாரத்தில் கை வைப்பது உறுதி என்றால் துளையிட்டு மண் பரிசோதனையும் செய்யச் சொல்வார், தட்டிக்கழிக்காதீர்கள்.

இதற்குப் பிறகுதான் ஒப்பந்ததாரர். செங்கல் வேலையும் அஸ்திவார வேலையும் வேறு வேறு தொழில்கள். அழகாகச் சுவர் எழுப்பும் கொத்தனாருக்கு, நிற்கிற வீட்டின் அடியில் தோண்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அஸ்திவார வேலைக்கு வருபவரைச் சோதிக்க எனக்குப் பிடித்த கேள்வி: "ஒரே நேரத்தில் எத்தனை அடி நீளம் தோண்டுவீர்கள்?" பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் புதுக் கான்கிரீட் வைக்கும் வேலையில், ஒரு தடவைக்குச் சுமார் 1 முதல் 1.2 மீட்டர் வரை மட்டுமே திறக்க வேண்டும். அதைக் கான்கிரீட் போட்டு இறுகவிட்டு, மேலே உள்ள சந்தில் கெட்டியான உலர்ந்த கலவையை இடித்துத் திணித்து, பிறகு தள்ளியுள்ள இன்னொரு குழிக்குப் போக வேண்டும். பக்கத்துக் குழியை உடனே தொடக் கூடாது. "ஒரு பக்கம் முழுக்க ஒரே வாய்க்காலாகத் தோண்டிவிடலாம், சீக்கிரம் முடியும்" என்று ஒருவர் சொன்னால், வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள். இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயம் சதுப்பு மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தபோது, 1906 முதல் 1911 வரை வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவர் தண்ணீர் நிறைந்த குழிகளுக்குள் கும்மிருட்டில் இறங்கி, கையால் தடவித் தடவி கான்கிரீட் மூட்டைகளை அடுக்கினார். அவ்வளவு பெரிய கட்டடத்தையே குழி குழியாகத்தான் தாங்கினார்கள். அவசரம் காட்டக்கூடிய வேலை இல்லை இது.

எஃகுக் குழாயை அழுத்தி இறக்கும் முறை, திருகு பைல் முறை என்று சொல்பவரிடம், "எந்த ஆழத்தில் நிறுத்துவீர்கள்?" என்று கேளுங்கள். "20 அடி" என்று மொட்டையாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள். அழுத்தி இறக்கும்போது ஜாக்கியின் அழுத்தமானியும், திருகி இறக்கும்போது முறுக்கு விசையும் எவ்வளவு காட்டினால் நிறுத்துவோம் என்பதே சரியான பதில். ஒவ்வொரு பைலுக்கும் அந்த எண்ணை எழுதித் தர வேண்டும். வீட்டைப் பழைய மட்டத்துக்குத் தூக்கப் போகிறார்களா, இப்போதுள்ள மட்டத்திலேயே நிறுத்தப் போகிறார்களா என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். தூக்கும்போது வேறு இடங்களில் புது விரிசல் வரலாம், மண்ணுக்கடியில் குழாய் உடையலாம். பல வீடுகளுக்கு நிறுத்தினாலே போதும்.

விரிசலை அடைப்பதிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. கான்கிரீட்டில் அசைவு நின்றுபோன விரிசலுக்கு எபாக்சி ஊசி, அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசினை விரிசலுக்குள் செலுத்துவது, நல்லது. இன்னும் அசைகிற இடத்தில் அதைச் செலுத்தினால் பழைய விரிசல் மூடிக்கொள்ளும், பக்கத்தில் புதிதாக ஒன்று திறக்கும். தண்ணீர் கசியும் விரிசலுக்கு பாலியூரித்தேன் என்ற பிசின். செங்கல் சுவருக்கு நான் விரும்புவது தையல் முறை: நான்கு முதல் ஆறு வரிக்கு ஒன்றாக இடுக்கைச் சுரண்டி, விரிசலுக்கு இருபுறமும் அரை மீட்டர் நீளும்படி முறுக்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பதித்து, சுருங்காத கலவையால் மூடுவது. இடிக்காமல் சுவரை மீண்டும் ஒன்றாக்கிவிடும். அதுவும் காரணத்தை நீக்கிய பிறகே.

மூன்று பேரிடமாவது எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். மூவருக்கும் பொறியாளர் எழுதிய ஒரே வேலைப் பட்டியலைக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். இல்லாவிட்டால் ஒருவர் பத்து பைலுக்கும் இன்னொருவர் ஆறுக்கும் விலை சொல்லியிருப்பார், குறைந்தது எது என்று தெரியாது. அவர்கள் சென்ற மாதம் முடித்த வேலையைப் பார்க்கப் போகாதீர்கள். எந்தப் பூச்சும் முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். மூன்று நான்கு மழைக்காலம் கண்ட வேலையைக் காட்டச் சொல்லி, அந்த வீட்டாரோடு தனியாகப் பேசுங்கள். பேச்சுக்கு வருகிறவரே வேலைத்தளத்துக்கும் வருவாரா, வேலையை வேறொருவருக்கு உள்ஒப்பந்தம் விட்டுவிடுவாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். பலரும் இதைக் கேட்பதே இல்லை.

ஒப்பந்தத் தாளில் வேலையின் அளவு, எந்தப் பொருள், எந்தக் கலவை விகிதம், பொருள் யார் வாங்குவது, முட்டுக்கொடுப்பது யார் பொறுப்பு, இடிபாடுகளை யார் அப்புறப்படுத்துவது, தோண்டும்போது எதிர்பாராதது வெளிப்பட்டால் கூடுதல் தொகையை எப்படிக் கணக்கிடுவது என்பவை இருக்கட்டும். தொழிலாளர்களுக்குக் காப்பீடு உண்டா என்று கேட்டு, தாளை வாங்கிப் பாருங்கள். அடியில் குழி தோண்டுகிற வேலையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். உள்ளாட்சி அனுமதி தேவையா என்பதையும் வேலை தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முன்பணம் சிறிதாக இருக்க வேண்டும். மிச்சத்தைக் கண்ணால் பார்க்கக்கூடிய கட்டங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். கடைசியாக ஒரு பங்கை, பத்து சதவீதமாவது, ஒரு மழைக்காலம் கழியும்வரை கையில் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். "ஆயுள் முழுவதும் உத்தரவாதம்" என்ற வார்த்தைக்கு மயங்காதீர்கள். பொருளுக்கா, கூலிக்கா, மறுபடி இறங்கினால் வந்து சரிசெய்வதற்கா, வீட்டை விற்றால் வாங்குபவருக்கும் செல்லுமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மண்ணுக்குள் மறையப்போகிற எந்த வேலையையும், மூடுவதற்கு முன்பு அளவுகோல் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது எதைக் கவனிப்பது? மணலை முதலில். கண்ணாடிப் புட்டியில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் விட்டு, சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்கி, சில மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மணல் அடியில் தங்கும், மேலே வண்டல் ஒரு படலமாக நிற்கும். வண்டல் மணலின் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மணலைக் கழுவ வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். செங்கல் இரண்டை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். கட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும், இல்லையேல் கலவையின் ஈரத்தை அது குடித்துவிடும். கலவையை மண்வெட்டிக் கணக்கில் போடாமல் பெட்டியால் அளந்து போடச் சொல்லுங்கள். தண்ணீர் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆன சிமெண்ட் கலவையில் மறுபடி தண்ணீர் தெளித்துக் குழைத்துப் பயன்படுத்தவிடாதீர்கள். கிடை இடுக்கை எல்லோரும் நிரப்புவார்கள். இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள நிற்கும் இடுக்கை முகப்பில் மட்டும் தீற்றிவிட்டு உள்ளே வெறுமையாக விடுவதே வழக்கமான குறை, மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும். ஒரு நாளைக்கு ஒன்றரை மீட்டர் உயரத்துக்குமேல் எழுப்ப வேண்டாம். சிமெண்ட் வேலைக்குக் குறைந்தது ஏழு நாள் நீராற்ற வேண்டும், அதாவது தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருக்க வேண்டும்.

இனி பராமரிப்பு. இதில் சுவரின் வயதைத் தெரிந்துகொள்வது எல்லாவற்றையும்விட முக்கியம். போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றதே 1824இல்தான். அதற்குப் பிறகும் நெடுங்காலம் வீடுகளைச் சுண்ணாம்புச் சாந்திலேயே கட்டினார்கள். இடுக்கை ஒரு சாவியால் சுரண்டிப் பாருங்கள். வெளிறிய நிறத்தில், உள்ளே வெள்ளைப் பொட்டுகளோடு மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாவி வழுக்கி, சாம்பல் நிறத்தில் கெட்டியாக நின்றால் சிமெண்ட். சுண்ணாம்புச் சுவரின் இடுக்கைச் சிமெண்டால் பூசுவதுதான் நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் மிகப் பெரிய அழிவு. சுண்ணாம்பு இடுக்கு சுவருக்குள் போன ஈரத்தை வெளியே விடும், சுவரின் சிறு அசைவுக்கு வளைந்து கொடுக்கும். அதைக் கெட்டியான சிமெண்டால் அடைத்தால் ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். அதோடு வரும் உப்பு செங்கல்லின் முகத்துக்குப் பின்னால் படிகமாகி முகத்தைத் தள்ளி உதிர்க்கும். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், சிமெண்ட் இடுக்குகள் சட்டம் சட்டமாக முன்னே நீட்டிக்கொண்டிருக்க, செங்கற்கள் உள்ளே குழிந்து போயிருக்கும். உதிர்ந்த இடுக்கைத் திரும்பப் பூசலாம். முகம் போன செங்கல் போனதுதான்.

எனவே கலவை எப்போதும் செங்கல்லைவிட வலுக்குறைந்ததாக இருக்கட்டும். சாதாரணச் சுவருக்கு சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. செங்கல் மென்மையாக இருந்தால் 1, 2, 9. மிகப் பழைய சுவருக்கு சிமெண்டே இல்லாமல் சுண்ணாம்பு 1, மணல் 3. உதிர்ந்த இடங்களை மட்டும் பூசினால் போதும், முழுச் சுவரையும் கிளற வேண்டாம். பழைய சாந்தை இடுக்கு அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழத்துக்கு எடுக்க வேண்டும், 10 மி.மீ. இடுக்கு என்றால் 20 முதல் 25 மி.மீ. மேலே மெல்லியதாகத் தீற்றினால் அடுத்த ஆண்டே பொறுக்காக விழும். உளியும் சுத்தியலும் கொண்டு நிதானமாக எடுக்கச் சொல்லுங்கள். அறுக்கும் மெஷினைக் கொடுத்தால் அரை நாளில் முடித்துவிடுவார்கள், செங்கல்லின் விளிம்புகளும் அரை நாளில் போய்விடும். தூசியைத் தட்டி, ஈரப்படுத்தி, இரண்டு மூன்று அடுக்காகத் திணித்து, கட்டைவிரல் அழுத்தினால் லேசாகப் பதியும் பக்குவத்தில் இழைக்க வேண்டும். முதலில் கண்ணுக்கு அதிகம் படாத இடத்தில் ஒரு சதுர மீட்டர் மட்டும் செய்து காட்டச் சொல்லி, காய்ந்தபின் நிறம் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்கச் சொல்லுங்கள். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உப்பு பூத்திருப்பதைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி, விழுந்த தூளையும் கூட்டி அள்ளிவிடுங்கள். அதன் மேல் பெயிண்டோ சிமெண்டுப் பூச்சோ போட்டு மூடினால் உப்பு அதையும் தள்ளிக்கொண்டு வரும். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பாருங்கள். ஓதத்தைத் தடுக்கச் சுவரடியில் ஒரு படலம் வைத்திருப்பார்கள். வெளித்தரை அதைவிடச் சுமார் 150 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். பிற்பாடு தளம் போட்டு, மண் கொட்டி, வெளித்தரையை உயர்த்தியதால் அந்தப் படலம் புதைந்துபோன வீடுகள் ஏராளம். வெளிப்பூச்சைத் தரைவரை இழுத்துவிட்டாலும் ஈரம் பூச்சின் வழியே ஏறிவிடும். தரையை வெட்டித் தாழ்த்துவதும் பூச்சை அரையடி மேலே நிறுத்துவதும் சுவருக்குள் ஈரத்தடுப்பு ரசாயனம் செலுத்தும் ஊசிகளுக்கு முன்பாகச் செய்துபார்க்க வேண்டியவை.

சுவரை அதிக அழுத்தத் தண்ணீராலோ மணல் பீய்ச்சியோ கழுவ வேண்டாம், சூளையில் வெந்த மேல்தோல் போய்விடும். நீர்த்தடுப்புப் பூச்சு வேண்டுமென்றால் ஆவியை வெளியேவிடும் சிலேன் வகையாகப் பாருங்கள். பளபளவென்று படலமாக நிற்பது வேண்டாம். சுவரில் முளைக்கும் மரக்கன்றை இழுத்துப் பிடுங்காதீர்கள், செங்கல்லோடு வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் காய்ந்தபின் எடுத்து இடுக்கை அடையுங்கள். மதில் சுவரில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளை அசிங்கமாக இருக்கிறதென்று அடைத்துவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் காத்திருக்காமல் செய்ய வேண்டும். சுவர் வயிறு தள்ளினால், தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கும்போது சாய்வு தெரிந்தால், நேற்றுவரை மூடிய கதவு இன்று மூடாமல் போனால், விரிசல் நாளுக்கு நாள் திறந்தால், நோட்டில் குறித்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த அறையைக் காலிசெய்து பொறியாளரை அன்றைக்கே கூப்பிடுங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், எனக்கு மூன்று விவரங்கள் எழுதுங்கள்: உங்கள் விரிசல் மேலே அகலமா கீழே அகலமா, அந்த மூலைக்கு எவ்வளவு தூரத்தில் கூரைத் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் இறங்குகின்றன, சுவரின் வெளிப்பக்கத் தரையைச் சமீப ஆண்டுகளில் உயர்த்தினீர்களா. படிக்கட்டு விரிசலும் உப்பும் ஒரே சுவரில் சேர்ந்து வந்திருப்பதால், அந்தப் பக்கத்தில் தண்ணீர் தேங்குகிறது என்றே நினைக்கிறேன். பைலுக்கு முன்பணம் கொடுக்கும் முன் அந்த மூலையில் அஸ்திவாரம் தெரியும்வரை ஒரு சிறிய சோதனைக் குழி தோண்டிப் பாருங்கள். மண் சேறாக இருந்தால் பொறியாளரிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.